முதல் எழுத்துக்கு இரண்டு விரல்

நோயாளிக்குக் கோயம்புத்தூரில் ரகசியம் கிடையாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இருந்த மீசைக்காரர் என் இடது கையை எட்டிப் பார்த்து, "ஏனுங்க, உங்களுக்கு லேத்துங்களா, பிரஸ்ஸுங்களா?" என்று கேட்டார். நான் இருபது வருடமாகக் குடியிருக்கும் ஹாலந்தில் யாராவது இப்படிக் கேட்டால் கேட்டவரைத்தான் டாக்டரிடம் அனுப்பிவைப்பார்கள். அங்கே காத்திருப்பவர்கள் பழைய பத்திரிகைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு, தங்களுக்கு உடம்பே கிடையாது என்பது போல உட்கார்ந்திருப்பார்கள்.

"கிதாருங்க" என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "அது என்ன மெசினுங்க?"

அவரைக் குறை சொல்ல முடியாது. கூடம் முழுக்கக் கைக்கட்டுகள். ஸ்பின்னிங் மில்லில் போன விரல், மர ரம்பத்தில் போன விரல், கரும்பு ஆலையில் நசுங்கிய மணிக்கட்டு. எல்லோரும் தங்கள் தங்கள் கதையைச் சொல்லிக்கொண்டே டீ குடித்தார்கள். வெட்டுக்காயம் இல்லாமல் வந்திருந்தவன் நான் ஒருவன்தான். கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு வந்துவிட்டது போல ஒரு கூச்சம் எனக்கு.

பினாங்கில் இருக்கும் அக்காதான் இந்த ஊரைச் சொன்னாள். மில்லும் பட்டறையும் நிறைந்த ஊர், அந்த டாக்டர்கள் பார்த்த கைகளை உங்கள் ஊர் டாக்டர்கள் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தாள். அது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழி. அடுத்த மாதக் கடைசியில் எங்கள் குழுவுக்கு ஒரு பெரிய கச்சேரி இருந்தது. அதற்குள் என் கை சரியாகாவிட்டால் என் நாற்காலியில் வேறொருவன் உட்காருவான். அவனும் நல்லவன்தான், என்னிடம் மரியாதையாகவே நடந்துகொள்வான். அதனாலேயே எனக்கு அவன்மேல் இன்னும் கோபம்.

நான் வாசிப்பது கடைகளில் தொங்குகிற ஆறு தந்திக் கிதார் அல்ல. அதற்கு மூத்த பரம்பரையைச் சேர்ந்த பரோக் கிதார். ஒல்லி உடம்பு, ஜோடி ஜோடியாக ஐந்து வரிசைத் தந்திகள். கழுத்தில் வீணையில் இருப்பது போன்ற உலோக மெட்டுகள் கிடையாது. ஆட்டுக்குடல் நரம்பை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டிருக்கும். இதற்கென்று எழுதிய பழைய இத்தாலியப் புத்தகங்களில் ஒரு வசதி உண்டு. இடது கையின் ஒவ்வொரு பிடிக்கும் ஒரு எழுத்து. 'ஏ' என்று போட்டிருந்தால் அது ஸ்வரத்தின் பெயர் அல்ல, கை என்ன உருவம் எடுக்க வேண்டும் என்கிற உத்தரவு. நடுவிரல் ஐந்தாம் ஜோடியில் இரண்டாம் மெட்டில் உட்கார வேண்டும். அடுத்த இரண்டு ஜோடிகளைத் தொடக்கூடாது. மோதிர விரலும் சுண்டு விரலும் கடைசி இரண்டு ஜோடிகளை மூன்றாம் மெட்டில் அமுக்க வேண்டும். எல்லாப் பாட்டிலும் நாலு அடிக்கு ஒரு தடவையாவது வரும் பிடி இது.

அந்த முதல் எழுத்துதான் என்னைவிட்டுப் போய்விட்டது. ஒன்றரை வருடமாக, கிதாரின் கழுத்தைத் தொட்ட மாத்திரத்தில் என் மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். சட்டைப் பொத்தான் போடுவேன், சைக்கிள் பிரேக் பிடிப்பேன், தேங்காய்கூடத் துருவுவேன். கிதாரைத் தொட்டால் மட்டும் மூடிக்கொள்ளும். எலும்பில் குறை இல்லை, நரம்பில் குறை இல்லை, மூளையிலிருந்து வருகிற உத்தரவில்தான் கோளாறு என்று ஹாலந்து டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

இங்கே டாக்டர் என் கையை இரண்டு நிமிஷம் திருப்பிப் பார்த்தார். "வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்லீங்களே" என்றார். குரலில் ஒரு ஏமாற்றம் இருந்தது என்று எனக்குப் பட்டது. கீழ்த்தளத்தில் பயிற்சி அறைக்குப் பத்து நாள் போகச் சொன்னார்.

பயிற்சி அறைக்கு ராணி, விரல் பயிற்சி கொடுக்கும் வசந்தாமணி. வயது முப்பத்தைந்து இருக்கலாம். குரல் மார்க்கெட்டைத் தாண்டிக் கேட்கும். என்னைக் கிதாரைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு உடனே தீர்ப்பு சொன்னார். "விரின்னும் மடக்குன்னும் ஒரே நேரத்துல ரெண்டு உத்தரவு போகுதுங்க. ஒரு ஊட்டுல ரெண்டு மாமியா இருந்தா மருமவ பாவம் என்ன பண்ணுவா?"

பயிற்சி மேஜையின் மறு ஓரத்தில் ஒருவர் இடது கையைக் கைக்குட்டையால் மூடியபடி உட்கார்ந்து, என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையை எடுத்ததும் நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். மோதிர விரலும் சுண்டு விரலும் அடியோடு இல்லை. மீதி மூன்றும் திடமாக இருந்தன. அவர் பெயர் ஜபருல்லா. வீடு கோட்டைமேடு, வேலை சிங்காநல்லூரில் ஒரு பிரஸ் பட்டறை. மோட்டாருக்குள் அடுக்குகிற தகடுகளை வெட்டிக்கொண்டிருந்தபோது ஆறு மாதத்துக்கு முன் போன விரல்கள்.

"போனது போகட்டுமுங்க" என்றார். "ஆனா அது போகலீங்க. இங்கதான் இருக்குது. மூடிக்கிட்டு இருக்குது. நகம் உள்ளங்கையில குத்துது. தெறக்கச் சொன்னாத் தெறக்க மாட்டேங்குது. தூங்கி எத்தன நாளாச்சு தெரியுங்களா?"

இருந்தும் கேட்காத விரல்கள் எனக்கு. இல்லாமலே கேட்காத விரல்கள் அவருக்கு. அதே இரண்டு விரல்கள்.

மூன்றாம் நாள், டவுன் பஸ் என்னிடமிருந்து கிதாரைப் பறித்தது. நின்றுகொண்டு பயணம் செய்பவர்களின் பைகளை உட்கார்ந்திருப்பவர்கள் கேட்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்வது இங்கே வழக்கம். ஹாலந்தில் இப்படி ஒருவர் பையைத் தொட்டால் போலீஸ் வரும். என் கிதார் மூன்று மடிகள் தாண்டிப் பின்பக்கம் போயிற்று. கடைசியாக அதை வாங்கிக்கொண்டது ஜபருல்லா. அவரும் அதே பஸ்ஸில் வந்தார். கவலை இல்லை என்று இருந்துவிட்டேன். காந்திபுரத்தில் கூட்டம் இறங்கியபோது நானும் இறங்கினேன் என்று சொல்ல முடியாது. இறக்கப்பட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் சிங்காநல்லூருக்குக் கிளம்பிவிட்டது.

ஆட்டோவில் துரத்தினேன். ஓட்டுநருக்கு இது பிடித்துப்போயிற்று. "உள்ள என்னங்க, வீணையா?" என்று கேட்டபடி ஒரு மாட்டு வண்டியையும் இரண்டு லாரிகளையும் மயிரிழையில் தாண்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, குடல் நரம்பு மெட்டுகளை எங்கே வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் சிமென்ட் பெஞ்சில் ஜபருல்லா எனக்காகக் காத்திருந்தார். பை திறந்து கிடந்தது. கிதார் மடியில் இருந்தது. அவருடைய நடுவிரல் ஐந்தாம் ஜோடியில் இரண்டாம் மெட்டில் சரியாக உட்கார்ந்திருந்தது. கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால். விரல்கள் இல்லாத அந்தப் பக்கம் தந்திகளை நோக்கிச் சாய்ந்திருந்தது. நான் இரண்டு நாளாகப் பயிற்சி அறையில் பிடிக்க முயன்று தோற்றுக்கொண்டிருந்த ஏ பிடி.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க வெக்கறதப் பாத்தேன், நானும் வெச்சுப் பாத்தேன்" என்றார். வலது கையால் தந்திகளை மேலிருந்து கீழே வருடினார்.

கடைசி இரண்டு ஜோடிகள் மேல் எதுவும் இல்லை. என் கண்ணால் பார்த்தேன். எதுவும் அமுக்காத தந்தி எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன? இருபது வருடம் அந்தச் சோறுதான் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் காதில் விழுந்தது முழு ஏ பிடி, உச்சியில் இரண்டு ஸ்வரங்களும் சுத்தமாக. அதே நேரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ஹாரன்தான் ஸ்வரத்தைக் கலக்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிதாரை வாங்கிப் பைக்குள் வைத்தேன். அவசர அவசரமாக வைத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"பட்டறை இங்கதான், ரெண்டு எட்டுல இருக்குதுங்க" என்றார். "மொதலாளி வரச் சொல்லி ஆளனுப்பிச்சாரு. அன்னிக்கப்புறம் நான் உள்ள போகலீங்க. செத்த நேரம் கூட வாரீங்களா?"

போனேன். முதலாளி பொன்னுச்சாமி வாசலுக்கே வந்து கும்பிட்டார். "வாங்க வாங்க, சாப்பிட்டுப் போட்டுத்தான் பேச்சு" என்று ஆபீஸ் அறையில் உட்கார வைத்து, வீட்டிலிருந்து வந்த தூக்குப்பாத்திரத்தைப் பிரித்தார். அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், பக்கத்தில் கட்டித் தயிர். இருபது வருடமாக மத்தியானத்தில் இரண்டு ரொட்டித்துண்டுக்கு நடுவே பாலாடைக்கட்டி வைத்துத் தண்டனை போலத் தின்று வருகிறவன் நான். கண்ணில் நீர் வந்துவிட்டது. பூண்டு அதிகம் என்று சமாளித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிரஸ்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு அடிக்கும் ஜபருல்லாவின் தோள் துள்ளியது.

அவர் விரல்கள் போன பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் அமுக்கினால்தான் இறங்கும், கை உள்ளே போகக் கூடாது என்பதற்காக. ஆனால் அப்படிச் செய்தால் வேலை ஓடாதாம். இடது பொத்தானைச் சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு, வலது கையால் மட்டும் அமுக்கி, இடது கையால் தகட்டைத் தள்ளுவார்கள். எல்லோரும் அப்படித்தான். சொல்லிவிட்டு ஜபருல்லா சிரித்தார். "கட்டுனதும் நான்தானுங்க. யாரையும் சொல்லிக் குத்தமில்ல."

பொன்னுச்சாமி சாப்பிடவில்லை. எங்களுக்குப் பரிமாறிக்கொண்டே இருந்தார். கடைசியில் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "சாயபு, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றார். "உங்கள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்புறம் நான் ஒருத்தன்தான் இங்க இருந்தேன். அது ரெண்டும் மேசை மேல கெடந்துது. நூல் கையுறையோட. கழட்டறதுக்கு எனக்கு மனசு வரலீங்க. அப்படியே சுருட்டிப் பொறகால வேப்ப மரத்தடியில பொதச்சுப் போட்டனுங்க."

ஜபருல்லா தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "சுருட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"சுருட்டித்தானுங்க."

"அதான் தெறக்க மாட்டேங்குது" என்றார் ஜபருல்லா. கோபம் இல்லாத குரல். தொலைந்த சாவி எங்கே விழுந்தது என்று தெரிந்துகொண்டவர் போல இருந்தார். தோண்டி எடுக்கலாமா என்று முதலாளி கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். திரும்பி வருகிற பஸ்ஸில் நான் கிதாரை யாரிடமும் கொடுக்கவில்லை.

நாலாம் நாள் பயிற்சி அறையில் கூட்டம். மேஜைக்கு மூன்று பேர் உட்கார வேண்டியதாயிற்று. ஜபருல்லாவின் வலப்பக்கம் நான் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இடம் போதாமல் என் இடது கை அவருக்கு முன்னால் மேஜைமேல் கிடந்தது. அவருடைய இடது கை மேஜைக்குக் கீழே மடியில் இருந்தது. மேலிருந்து பார்த்தால் அந்தக் கை அவருடையது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வசந்தாமணி ஒரு கட்டையில் கயிறு கட்டிக் கொடுத்து, அதைக் கிதாரின் கழுத்தாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். தொட்டேன். இரண்டு விரல்களும் வழக்கம்போலச் சுருண்டன.

"இப்படியேதானுங்க எனக்கும் இருக்குது" என்றார் ஜபருல்லா. "இதே மாதிரி."

அவர் என் கையையே பார்த்தார். கண் இமைக்கவில்லை. அறையில் யாரோ ரப்பர் பந்தைக் கீழே போட, அது உருண்டுகொண்டே போன சத்தம் கேட்டது. நான் விரிக்க முயலவில்லை. அலுத்துப்போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு நீண்ட மூச்சு வெளிவந்தது.

"தெறந்துட்டனுங்க" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். என் மோதிர விரலும் சுண்டு விரலும் விரிந்து, கட்டைமேல் மெதுவாக இறங்கி, கயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தன. நான் விரிக்கவில்லை. திரும்பத் திரும்பச் சொல்கிறேன், நான் விரிக்கவில்லை. ஜபருல்லாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "நகம் குத்தலீங்க, இப்பக் குத்தலீங்க" என்றார். வசந்தாமணி கைதட்டினார். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் நல்லது நடந்துவிட்டது, என்ன அதிர்ஷ்டம் என்றார். நான் மட்டும் என் கையை மேஜையிலிருந்து எடுக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பயம் ஒரு நாள்தான் நீடித்தது. அதற்குமேல் ஆசை வந்துவிட்டது. கச்சேரிக்கு ஆசைப்பட்டவனுக்கு உத்தரவு யாருடையது என்பதில் என்ன கவலை? அடுத்த மூன்று நாளும் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் வாசித்தோம். இரண்டு பேரும் என்றுதான் சொல்ல வேண்டும். நான் கட்டில் விளிம்பில் கிதாரோடு, அவர் எதிரே நாற்காலியில் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு. ஜபருல்லாவுக்கு இசை தெரியாது. ஆனால் எழுத்துக்கு ஒரு பிடி என்பது அவருக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது. "எங்க பட்டறையில டையிக்கு, தகடு வெட்டற அச்சுக்கு, நம்பரு போட்டிருக்குமுங்க. மூணாம் நம்பரு டை மாட்டுனா மூணாம் நம்பரு தகடுதான் உழுகும். இதும் அதேதான். எழுத்துக்கு ஒரு டை. தகடுக்குப் பதிலாச் சத்தம் உழுகுது." என் ஆசிரியர்கள் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அவர் 'ஏ' என்பார். விரல்கள் போய் அமரும். 'எஃப்' என்பார். சுண்டு விரல் விலகிக்கொள்ளும். முதலில் ஒரு மயிரிழை தாமதம் இருந்தது. மூன்றாம் நாள் அதுவும் இல்லை. மற்ற மூன்று விரல்களும் என்னுடையவை. அவற்றோடு இந்த இரண்டும், பழகிய இருவர் பாத்திரம் கழுவிக் கைமாற்றுவது போல ஒத்துப்போயின. சாயங்காலம் அவர் கிளம்பும்போது, "விரல் நுனி எரியுதுங்க. ஒரு விரலுக்கு ரெண்டு கோடு" என்று ஒரு தடவை சொன்னார். ஜோடித் தந்தி அமுக்கினால் விழுகிற கோடுகள். என் விரல் நுனியைப் பார்த்தேன். இரண்டு கோடுகள் இருந்தன. ஆனால் எனக்கு எரியவில்லை.

எட்டாம் நாள் கோட்டைமேட்டில் அவர் வீட்டில் சாப்பாடு. நெய்ச்சோறும் தாளிச்சாவும். அவர் மனைவி பாத்திமா அதிகம் பேசாதவர், ஆனால் பரிமாறுவதில் எதிராளியைத் தோற்கடிக்கிற ரகம். பாயில் உட்கார்ந்து வலது கையால் அள்ளிக்கொண்டிருந்தேன். கறியைப் பற்றி ஏதோ சொல்லிப் பாராட்டினேன். நிமிர்ந்து பார்த்தால், பாத்திமா கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். தாளிச்சா பாயில் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் என் இடது கையைப் பார்த்தார். அது பாய்மேல் இருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் பாயைத் தட்டிக்கொண்டிருந்தன. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு. மறுபடியும் மூன்று.

"இவரு..." என்றார். "இவரு சாப்புடறப்ப இப்படித்தானுங்க தட்டுவாரு. கலியாணம் ஆன நாள்லருந்து. நான் எத்தனவாட்டி வைதிருப்பேன்."

ஜபருல்லா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடது கையைத் தொடைக்குக் கீழே நுழைத்துக்கொண்டேன். அங்கேயும் அது தட்டிற்று. பாத்திமா கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, ஒன்றும் நடக்காதது போல எனக்கு இன்னொரு கரண்டி வைத்தார். ஆனால் இந்தத் தடவை என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் கிளம்பும்வரை அந்தக் கை பக்கம்தான் இருந்தார்.

ஒன்பதாம் நாள் பரீட்சை. ஜபருல்லா என்னோடு ஹாலந்துக்கு வரப் போவதில்லை. எதிரே இல்லாவிட்டால் விரல்கள் கேட்குமா? சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நான் காந்திபுரத்து லாட்ஜில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், அவர் தன் வீட்டில் உட்கார்ந்து எழுத்துகளை வரிசையாக நினைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். வரிசையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஐந்தரைக்குக் கிதாரைத் தொட்டேன். விரல்கள் சுருளவில்லை. ஏ, பி, ஏ, சி, ஏ. கீழே பஸ் நிலையத்தின் அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் ஒவ்வொரு பிடியும் சுத்தமாக விழுந்தது. ஒன்றரை வருடத்துக்கு அப்புறம் முழுப் பாட்டு. நான் அறையில் தனியாக உட்கார்ந்து பைத்தியக்காரன் போலச் சிரித்தேன். இரண்டாம் முறை வாசித்தேன். மூன்றாம் முறை நடுவில் இருந்தபோது எங்கோ தூரத்தில் பாங்கு சொல்லும் ஒலி கேட்டது. என் இரண்டு விரல்களும் தந்தியை விட்டு எழுந்தன.

சுருளவில்லை. பதறவில்லை. நேராக நீண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, அசையாமல் நின்றன. அமுக்கப் பார்த்தேன், அசையவில்லை. வலது கையால் பிடித்துத் தந்திமேல் வைத்தேன். விட்டதும் திரும்ப எழுந்துகொண்டன. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு, யாரோ வேலைக்குத் திரும்பி வந்தது போல, விரல்கள் தாமாகத் தாழ்ந்து அடுத்த எழுத்தில் உட்கார்ந்தன.

மறுநாள் அவரிடம் கேட்டேன். "நடுவுல தொழுவப் போயிட்டனுங்க" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். "சொல்ல மறந்துட்டேன். உங்களுக்குத் தொந்தரவு ஆகிப்போச்சுங்களா?"

பத்தாம் நாள் நான் கிளம்ப வேண்டும். மத்தியான பஸ். ஜபருல்லா காந்திபுரம் வந்திருந்தார். எனக்கு ஜன்னலோர இருக்கை. அவர் கீழே நின்றார். ஹாலந்தில் வெயில் எப்படி, சாமான் விலை எப்படி என்றெல்லாம் கேட்டார். நான் இந்த ஊர்த் தண்ணீரைப் புகழ்ந்தேன். சிறுவாணித் தண்ணீரைக் குடித்தவனுக்கு வேறு தண்ணீர் இறங்காது என்று அவர் சொன்னார்.

பிறகு கேட்டார். "நீங்க போனீங்கன்னா அது மறுக்காவும் மூடிக்குமுங்களா?"

"தெரியலீங்க" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அங்க போயி உங்களுக்கு மூடிக்கிச்சுன்னா?"

"என் பிழைப்பு போயிரும்."

அவர் தலையாட்டினார். பஸ் உறுமத் தொடங்கியது. அவர் இடது கையை ஜன்னலுக்கு நீட்டினார். இந்த ஊரில் இடது கையை யாரும் யாருக்கும் நீட்டுவதில்லை. நானும் என் இடது கையைக் கொடுத்தேன். தொட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் கொடுத்தேன்.

என் மோதிர விரலும் சுண்டு விரலும் அவர் கையில் விரல் இல்லாத இடத்தைச் சுற்றிக்கொண்டு இறுகின. கண்டக்டர் விசில் ஊதினார். நான் இழுத்தேன். கட்டைவிரல் வந்தது, ஆள்காட்டி விரல் வந்தது, நடுவிரல் வந்தது. அந்த இரண்டும் வரவில்லை. பஸ் நகர்ந்தது. ஜபருல்லா கூடவே நடந்தார். "ஏனுங்க, கைய உடுங்க! உழுந்துருவாரு!" என்று பின் இருக்கையிலிருந்து கத்தினார்கள். என்னால் விட முடியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சக்கரத்துக்குக் கீழே போய்விடுவாரோ என்று ஒரு பயம். இந்த விரல்கள் அவரோடு இருப்பதென்று முடிவு செய்துவிட்டனவோ என்று இன்னொரு பயம். இரண்டில் எது பெரிது என்று இப்போதும் எனக்கு நேர்மையாகச் சொல்லத் தெரியாது.

அவர் நடந்துகொண்டே குனிந்தார். என்னிடம் பேசவில்லை. விரல்களிடம் பேசினார். அழுகிற பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வருகிறவர் குரல்.

"போ கண்ணு. அவருக்கு நீ வேணும். இங்க வந்து என்ன பண்ணப் போறே? போ சாமி."

விரல்கள் விட்டன.

பஸ் இருபது அடி போய், நிலைய வாசலில் லாரி நெரிசலில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். ஜபருல்லா இடது கையை முகத்துக்கு நேராகத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையால் அந்த இடத்தை அமுக்கிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். பிறகு ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"வலி இல்லீங்க" என்றார். "மூடியும் இல்ல, தெறந்தும் இல்ல. அங்க ஒண்ணுமே இல்லீங்க."

ஆறு மாதமாக அவர் அழுது கேட்டது இதைத்தான். ஆனால் அவர் முகம், சற்று முன்னால்தான் பிரஸ் இறங்கியது போல இருந்தது.

என் இடது கை மடியில் கிடந்தது. மடங்கு என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். இரண்டு விரல்களும் மடங்கின. விரி என்றேன். உடனே விரிந்தன. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்க பேச்சக் கேக்குதுங்க" என்றார்.